பாக்கெட் வைத்த ரவிக்கை

ரவிக்கை தைக்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரு பொய் சொல்வார்கள். "பழைய அளவே போதுங்க, நான் ஒண்ணும் பெருத்துப்போகலீங்க" என்பார்கள். டேப்பைச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். நானும் சும்மா இருக்கமாட்டேன். "உடம்பு அப்படியேதானுங்க இருக்குது, டேப்புதான் சுருங்கிப்போச்சு" என்பேன். என் வாய் அப்படி. இந்த வாயால் போன வாடிக்கை கொஞ்சமல்ல. மிச்சமிருப்பவர்கள் தையலுக்காகப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

அந்த வாயை ஒரே ஒரு மனிதரிடம் மட்டும் நான் அடக்கி வைத்திருக்கிறேன். அவர் சொன்ன பொய்யைக் கேட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போலத் துணியை வாங்கி மடித்து வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அன்றைக்கு எனக்கே புரியவில்லை.

எங்கள் வீடு சிங்காநல்லூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தெருவில். முன்னறையில்தான் மெஷின். உட்கார்ந்தால் எதிர்வீட்டு கேட் நேராகத் தெரியும். அந்த வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். மில்லில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார், மகன் வெளிநாடு. அவருக்குச் சமைக்கவும், கூட்டித் துடைக்கவும், துணி துவைக்கவும் காங்கேயத்துப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் வந்து தங்கினார். ஒடிசலான உடம்பு, அகலமான தோள், நாற்பதைத் தாண்டிய வயது. எந்நேரமும் மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் ஒரு துண்டு. வந்த வாரத்திலேயே அவருக்குக் கல்யாணமாகவில்லை என்பது தெருவுக்கே தெரிந்துவிட்டது. எங்கள் தெருவில் அதையெல்லாம் விசாரிக்காமல் விடமாட்டார்கள்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் நீலத் துணி ஒன்றையும் ஓர் அளவு ரவிக்கையையும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"எங்க ஊட்டுக்காரிக்குங்க அம்மணி."

அளவு ரவிக்கை புதுசு. சந்தையில் வாங்கியது. கழுத்தில் விலைச் சீட்டுகூடக் கிழிக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பஃப் கை வேண்டுமாம், பின்னால் கயிறு, கயிற்று நுனியில் குஞ்சம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சுவரில் ஒரு கல்யாணப் பெண்ணுக்காகத் தைத்து மாட்டியிருந்த பட்டு ரவிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைப் பார்த்துத்தான் என் வாய் அடைத்துப்போயிருக்க வேண்டும்.

தைத்துக் கொடுத்தேன். மறுநாளே திரும்ப வந்தார்.

"தோள்ல ஏற மாட்டேங்குதுங்க."

"உங்க ஊட்டுக்காரம்மாவுக்குத் தோள் எம்புட்டுங்ணா இருக்கும்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "என்ற அளவுதானுங்க இருக்கும்."

"அப்ப உங்களையே அளந்துக்கறேன். கையத் தூக்குங்க."

கையைத் தூக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார், ஊசி போடப் போகிறார்கள் என்பதுபோல. நான் தோள், மார்பு, அக்குள் எல்லாம் அளந்து முடித்துச் சீட்டில் எழுதிய பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"ஏனுங்க அம்மணி, உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுங்களா?"

"டேப்பு புடிக்கறவகிட்ட எதை மறைக்கறீங்க?" என்றேன். "அவசரமா, இல்ல அடுத்த வாரம் போதுமா?"

அவர் சிரித்தார். அந்த ஆளுக்கு அவ்வளவு நல்ல சிரிப்பு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எதையும் மறைக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே சேலை கட்டிக்கொள்ள ஆசையாம். ஆடவோ மேடை ஏறவோ அல்ல. "நான் அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க, எனக்குக் கூச்சம்" என்றார். சேலை கட்டிக்கொண்டு ஒரு வீட்டை நடத்த வேண்டும். காலையில் ஈரத் தலையோடு காபித் தட்டை எடுத்துக்கொண்டு, முந்தானை பின்னால் பறக்க, மாடிப்படியில் இறங்கி வர வேண்டும்.

"அந்த ஊட்டுல மாடியே இல்லீங்களே!"

"அதானுங்க. மனசுல கட்டற ஊட்டுக்கு மாடி இருக்குது."

நான் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டேன், சேலையில் இருக்கும்போது அவரை அக்கா என்று கூப்பிட வேண்டுமா என்று. அவர் பதறிப்போனார். "ஐயோ வேண்டாமுங்க. எப்பவும்போல அண்ணான்னே கூப்பிடுங்க. சேலை கட்டத்தானுங்க ஆசை. ஆள மாத்திக்க இல்லீங்க." எனக்கு அது முழுதாக விளங்கியது என்று சொல்லமாட்டேன். ஆனால் தன்னைப் பற்றி இத்தனை தெளிவாகச் சொல்லத் தெரிந்த ஒருவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பெரியவர் காலைச் சாப்பாடு முடிந்ததும் படிப்பகத்துக்குப் போவார், மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். அந்த நேரம்தான் இவருடைய சேலை நேரம். ஆனால் அந்த நேரத்தில்தான் வீட்டு வேலை முழுவதும் காத்துக் கிடக்கும். இங்கேதான் அந்த மனிதரைப் பற்றி நான் வியக்க ஆரம்பித்தேன். வேறு ஒருவராக இருந்தால் கதவைச் சாத்தி, கண்ணாடி முன்னால் நின்று, ஆசை தீர்ந்ததும் மடித்து வைத்துவிட்டு லுங்கியோடு துடைப்பத்தை எடுத்திருப்பார். இவர் துடைப்பத்தையும் சேலையையும் ஒரே நேரத்தில் எடுத்தார். வேலையில் ஒரு குறை வரக்கூடாது, ஆசையிலும் குறை வரக்கூடாது. இரண்டில் எதையும் விட மனசில்லை அவருக்கு.

என்னிடம் வந்து ஒவ்வொரு தடவையும் என்ன கெட்டது என்று சொல்வார். மோட்டார் ரிப்பேர் செய்கிறவர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்வதுபோல இருக்கும்.

"குஞ்சம் சாம்பார்ல உழுந்துபோச்சுங்க. எடுத்துப்போடுங்க."

"பஃப் கை பாத்திரம் கழுவறப்ப தண்ணியக் குடிச்சுக்குதுங்க. முழங்கைக்கு மேல நிறுத்திப்போடலாமுங்களா?"

"வழவழன்னு இருக்கற சேலை அடுப்புக்கு ஆகாதுங்க. முந்தி பக்குன்னு தீப்புடிச்சுக்கப் பாத்துது. சோமனூர்ல இருந்து பருத்திச் சேலை எடுத்துட்டு வந்துட்டேனுங்க."

மல்லிகைப் பூவை ஒரே நாளில் விட்டார், ரசத்தில் விழுந்ததாம். கண்ணாடி வளையல் மாவு பிசையும்போது உடைந்து, மாவு முழுவதையும் கொட்ட வேண்டியதாகிவிட்டது. வளையல் போனதைவிட மாவு போனதுக்குத்தான் வருத்தப்பட்டார். டிவி சீரியல் பெண்களைப் பற்றி அவருக்கு ஒரு சந்தேகம் கடைசிவரை தீரவில்லை. "பட்டுச் சேலையும் ஒட்டியாணமும் போட்டுட்டுக் காபி ஆத்தறாங்களே, அந்த ஊட்டுலயெல்லாம் கக்கூசு யாருங்க கழுவறது?"

பெரிய தலைவலி முன்கொசுவம். குனிந்து தரை துடைக்கும்போது காலில் சிக்கி இரண்டு தடவை விழுந்திருக்கிறார். நான், "அத்தன செரமம் எதுக்குங்ணா, தொடைக்கறப்ப மட்டும் லுங்கி கட்டிக்குங்க" என்றேன். முகம் சுண்டிப்போயிற்று. "அப்பறம் எதுக்குங்க சேலை?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஊருக்குப் போய்விட்டு வந்தவர் மறுவாரம் துள்ளிக்கொண்டு வந்தார். காங்கேயம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் காட்டு வேலைக்குப் போகும் ஓர் அம்மா, பழைய முறையில் பின்கொசுவம் வைத்துக் கட்டியிருந்தாராம். கொசுவம் முழுக்க இடுப்புக்குப் பின்னால். முன்னால் காலில் சிக்க ஒன்றுமே கிடையாது. "ஏனுங்க ஆத்தா, அது எப்படீங்க நிக்குது?" என்று இவர் கேட்க, அந்த அம்மா இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யாருக்கு எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல், பல்லடம் வருவதற்குள் துண்டை வைத்து மடித்துக் காட்டிவிட்டாராம்.

"நம்மூருப் பொம்பளைங்க களையெடுக்கறதுக்கே கண்டுபுடிச்சதுங்க அது. நான்தான் சீரியலப் பாத்துக் கெட்டுப்போயிட்டேன்" என்றார்.

பாக்கெட்டும் அவர் கேட்டதுதான். "சேலை கட்டுனா கேட்டுச் சாவிய எங்கீங்க வெக்கறது?" இடுப்பில் சொருகச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. கடைசியில் ரவிக்கையின் இடது பக்கம் உள்ளே, சோமனூர் காடாத் துணியில், ஒரு பாக்கெட் வைத்துத் தைத்தேன். தைத்து முடித்து அதற்குள் என் விரலை விட்டுப் பார்த்தபோது எனக்கே என்மேல் கோபம் வந்தது. காலமெல்லாம் ரவிக்கை தைக்கிறேன், நானும் ரவிக்கைதான் போடுகிறேன், சாவியையும் சில்லறையையும் எங்கெங்கோ சொருகிக்கொண்டு அலைகிறேன், எனக்கு ஒரு பாக்கெட் வைக்கத் தோன்றவில்லையே! அன்று பொழுதோடு எனக்கும் ஒன்று தைத்துக்கொண்டேன். இன்றைக்கு என்னிடம் வருகிற பாதிப் பெண்கள் "பாக்கெட் வெச்சு" என்று சேர்த்துச் சொல்கிறார்கள். அது யாருடைய ஆசையில் பிறந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

இப்படி ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து வந்தவர், ஒன்றை மட்டும் விடவில்லை. ரவிக்கைக் கை நுனியில் விரல் அகலத்துக்கு ஒரு ஜரிகைக் கரை. பாத்திரம் தேய்க்கும் கைக்கு ஜரிகை நிற்காது, மாதத்தில் கறுத்துப்போகும், மறுபடி என்னிடம் கொண்டுவருவார், நான் பிரித்துப் புதுசு வைப்பேன்.

"இது வேலைக்கு ஆகாதுதானுங்களே?" என்று ஒருநாள் கிண்டினேன்.

"ஆகாதுதானுங்க" என்றார். ஜரிகையை விரலால் நீவிக்கொண்டே, "இதுக்குத்தானுங்க அம்மணி மத்ததெல்லாம்" என்றார்.

அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. பெரியவர் காலமான பிறகு கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீட்டில் வேலை கிடைத்துப் போனார். கொஞ்ச நாள் போனில் பேசினார். அப்புறம் நம்பர் மாறிவிட்டது. போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போன வார்த்தைகூட வேலைக்குப் போகிற வீட்டைப் பற்றியதுதான். "அங்க மாடி இருக்குதுங்க" என்றார்.

ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது கேஸ் சிலிண்டர் வந்த அந்த நாள்தான்.

முற்பகல் நேரம். தெருவில் காய்கறி வண்டி நின்றுகொண்டிருந்தது, சுற்றி நாலைந்து பெண்கள். கேஸ்காரப் பையன் எதிர்வீட்டு கேட்டில் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, "கேஸ்!" என்று கத்தினான். கேட் திறந்தது. இவர் வந்தார். இளம்பச்சைப் பருத்திச் சேலை, பின்கொசுவம், முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகியிருந்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "போன தடவ வாசரு இல்லாமக் குடுத்துட்டுப் போயிட்டியே சாமி, இதுலயாச்சும் இருக்குதா?" என்று குனிந்து மூடியைத் திருகிப் பார்த்தார். பிறகு சிலிண்டரை ஒரே தூக்கில் தோளில் வைத்துக்கொண்டு, விடுவிடுவென்று உள்ளே போய்விட்டார். காய்கறிக்காரர் தராசைப் பிடித்த கையோடு நின்றார். யாரும் சிரிக்கக்கூட இல்லை. நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

அவர் மறந்துவிட்டிருந்தார். அவ்வளவுதான். அது உடம்பில் இருப்பதையே மறந்துபோகிற அளவுக்கு அந்தச் சேலை வேலைக்குப் பழகிவிட்டது.

கேட்டைச் சாத்த மறுபடி வந்தபோதுதான், குனிந்த தலைக்குத் தன் காலடியில் சேலைக் கரை தெரிந்திருக்கிறது. அப்படியே நின்றுவிட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பயந்திருப்பார் என்று நினைத்தேன். அந்த முகத்தில் பயம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. பிறகு கேட்டைச் சாத்தினார்.

அன்று மாலையே தெருச் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் பெரியவரைத் தேடி வந்தார்கள். கேட்டில் நின்றே பேசியதால் எனக்கு எல்லாம் கேட்டது. "கொழந்தைங்க நடமாடற தெருவுங்க. அந்த ஆள அனுப்பிப்போடுங்க சார். இல்லீன்னா நாங்க சங்கத்துல பேச வேண்டியிருக்கும்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன், நான் ஒன்று சொல்லப்போய் இவருக்கு இன்னும் கெடுதலாகிவிடக் கூடாது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "காலைல வாங்க, சொல்றேன்" என்றார்.

விளக்கு வைத்ததும் இவர் வந்தார். கையில் ரவிக்கை. சிலிண்டர் தூக்கியதில் அக்குள் பிரிந்துவிட்டிருந்தது.

"நாளைக்குக் காலைல வேணுமுங்க."

"வேலையே போகப்போகுதுன்னு நான் வயித்துல நெருப்பக் கட்டிட்டு உக்காந்திருக்கறேன், இப்ப இதுதான் அவசரமா?" என்று கத்திவிட்டேன். "பெரியவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலீங்க. மோர்ல உப்பு கம்மின்னாரு."

"போகச் சொன்னா எங்கீங்ணா போவீங்க?"

"காங்கேயத்துல அண்ணன் ஊடு இருக்குதுங்க. ஆனா அங்க ஒருக்கா என்ற பெட்டியில சேலையப் பாத்துட்டு அடுப்புல போட்டு எரிச்சுட்டாங்க." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். "அங்க போனா சோறு உண்டுங்க. இது இருக்காது."

"அப்ப பேசாம சேலைய மூட்டை கட்டி என்றகிட்டக் குடுத்துடுங்க. இனிமே கட்டமாட்டேன்னு காலைல சொல்லிப்போடுங்க. ஒரு ரெண்டு மாசம் போகட்டும்."

அவர் யோசித்தார். நான் சொன்னதை மதித்துத்தான் யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இல்லீங்க அம்மணி. மறைச்சுக் கட்டறது ரெண்டு வேலைங்க. கட்டறது ஒரு வேலை, மறைக்கறது ஒரு வேலை. சன்னலச் சாத்தோணும், காது குடுத்துட்டே சமைக்கோணும், சேலைய வெயில்ல காயப்போட முடியாது. இன்னைக்கு அந்த ரெண்டாவது வேலைய மறந்துட்டேன். மறந்ததுக்கப்பறம் பாத்தா, எத்தன லேசா இருந்துச்சுங்க தெரியுமா! பெரியவரு போகச் சொன்னாப் போயிக்கறேன். ஆனா இருக்கச் சொன்னா, இனி ஒரு வேலைதானுங்க."

ரவிக்கையை வாங்கி, அக்குளில் ஒரு சதுரத் துண்டு கூட்டித் தைத்தேன், இனி எதைத் தூக்கினாலும் பிரியாதபடிக்கு. கறுத்துப்போயிருந்த ஜரிகையை அவர் கேட்காமலேயே பிரித்துப் புதுசு வைத்தேன். என்னிடமிருந்ததில் நல்ல ஜரிகை அது.

காலையில் நான் மெஷினில் உட்காரவில்லை, வாசலுக்கே வந்து நின்றேன். எதிர்வீட்டில் பெரியவர் போர்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவர் சேலையில்தான் இருந்தார். அதே இளம்பச்சை. சீமாறை வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். கை போய் வரும்போதெல்லாம் ஜரிகை வெயிலில் தெரிந்தது. தெருவில் ஒவ்வொரு கேட்டிலும் ஆள் நின்றது.

சங்கத்து ஆட்கள் இரண்டு பேரும் வந்தார்கள். கேட் பூட்டியிருந்தது. இவர் சீமாறைக் கீழே வைத்துவிட்டு, ரவிக்கைப் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார்.

"வாங்க, வாங்க. உள்ள வந்து உக்காருங்க. காப்பி போடட்டுங்களா?"

அதில் ஒருவர், பழக்க தோஷத்தில், "இல்லீங்க, இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேனுங்க" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போலாகிவிட்டது. இன்னொருவர் சுதாரித்துக்கொண்டு, "ஏனுங்க சார், என்ன முடிவு பண்ணுனீங்க?" என்று பெரியவரைக் கேட்டார்.

பெரியவர் பேப்பரிலிருந்து நிமிரவில்லை. இவர் மறுபடி சீமாறை எடுத்து, விட்ட இடத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தார். நாற்காலி வரைக்கும் வந்தார். அங்கே நின்றார்.

பெரியவர் பேப்பரைப் பிடித்தபடியே, இரண்டு காலையும் தரையிலிருந்து மேலே தூக்கிக்கொண்டார்.

இவர் குனிந்து நாற்காலிக்கு அடியில் கூட்டினார். முன்னால் கொசுவம் இல்லை, எதுவும் சிக்கவில்லை. கூட்டி முடித்ததும் பெரியவர் காலை இறக்கி வைத்தார்.

"சட்னிக்கு உப்புப் போட்டியா?"

"போட்டுட்டேனுங்கய்யா."

"இன்னிக்காவது சரியா இருக்குதான்னு பாப்போம்" என்று பெரியவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள். நின்று என்ன செய்வது என்று தெரியாமல், "அப்ப நாங்க வாரோமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இவர் கேட்டுக்கு வெளியே வந்து வாசலைக் கூட்ட ஆரம்பித்தார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் வாயிலிருந்தும் சத்தம் இல்லை. அந்த அமைதி எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கிற மாதிரி என் வாயைத் திறந்தேன்.

"ஏனுங்ணா! பின்னால கொசுவம் ஒரு பக்கம் எறங்கிக் கெடக்குது, பாருங்க!"

அவர் சீமாறைச் சுவரில் சாய்த்து வைத்தார். கையைப் பின்னால் கொண்டுபோய், கொசுவத்தை மேலே தூக்கிச் சொருகினார். தெருவுக்கும் எனக்கும் முதுகைக் காட்டி நின்று, தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"இப்பச் சரிங்களா அம்மணி?"

"சரியாயிருச்சுங்க" என்றேன்.

அவர் சீமாறை எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த வாசலைக் கூட்டப் போனார்.